ஓதம்: சுவரிலும் கடலிலும் ஒரே சொல்

போன மழைக்காலத்தில் எங்கள் வாடகை வீட்டுச் சுவரில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு ஈரம் ஏறி, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பித்தது. தொட்டுப் பார்த்த கொத்தனார், "ஓதம் ஏறியிருக்கு சார்" என்றார். பள்ளிப் புவியியலில் 'டைட்' (tide), அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதற்குப் படித்த அதே ஓதம்தான்.

ஈரம், வெள்ளம், அலை, கடல் எல்லாமே ஓதம்தான். விரையில் நீர் கோத்து வீங்கினால் அதுவும் ஓதம். பட்டினப்பாலை, காவிரி கடலோடு கலக்கும் இடத்தை 'மலி ஓதத்து ஒலி கூடல்' என்கிறது. மலி என்றால் மிகுந்த. ஓதம் பெருகி, இரைச்சலோடு ஆறும் கடலும் சேருமிடம்.

பழைய வழக்கில் அலையும் ஓதம்தான் என்றாலும், புவியியலில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கரையில் நாம் பார்க்கும் அலையைப் பெரும்பாலும் எழுப்புவது காற்று. ஓதமோ நிலவும் சூரியனும் ஈர்ப்பதால் கடல்மட்டமே ஏறி இறங்குவது. சூரியனின் பங்கு நிலவுடையதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. சென்னையில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால்தான் இன்று காலை வந்த ஏற்றம் நாளை 50 நிமிடம் போலத் தள்ளி வருகிறது.

ஆங்கிலத்தில் 'டைட்' என்பதன் பழைய பொருள் நேரம், காலம். நேரம் தவறாமல் வருவதால் கடலேற்றத்துக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. இலங்கைப் பாடநூல்களில் இதே 'டைட்' வற்றுப்பெருக்கு. மலையாளத்தில் ஏறுவது வேலியேற்றம், இறங்குவது வேலியிறக்கம். வற்றுப்பெருக்கில் இரண்டு அசைவும் தெரிகின்றன, நல்ல சொல். ஆனாலும் என் ஓட்டு ஓதத்துக்கே. கொத்தனார் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறதே!

சிக்கல் 'ஸ்பிரிங் டைட்' என்பதில். அந்த ஸ்பிரிங் வசந்தம் அல்ல, துள்ளி எழுதல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும்போது வரும் பெரிய ஏற்றம் அது. இதை 'உயர் ஓதம்' என்று எழுதினால் தினமும் வரும் ஏற்றமா, இதுவா என்று தெரியாது. தமிழில் பௌர்ணமிக்கு வெள்ளுவா, அமாவாசைக்குக் காருவா என்று பழைய பெயர்கள் உண்டு. அப்புறம் என்ன, 'உவா ஓதம்' என்றே சொல்லலாமே. பாதி நிலவை ஒட்டி வரும் சின்ன ஏற்றத்துக்கு 'அட்டமி ஓதம்'.