நீலகிரித் தைலம் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கும் மருந்தல்ல

இந்த மழைக்காலத்தில் இது மூன்றாவது குழந்தை. ஒன்றே முக்கால் வயதுப் பையன். நெஞ்சுச்சளிக்காக ஒரு ஸ்பூன் நீலகிரித் தைலத்தை வெந்நீரில் கலந்து புகட்டியிருக்கிறார்கள். அரை மணி நேரத்துக்குள் வாந்தி, கண் சொருகல், அப்புறம் வலிப்பு. கொண்டு வந்தபோது அவன் மூச்சிலேயே தைல வாசம் அடித்தது. இரண்டு நாள் தீவிர சிகிச்சைக்குப் பிறகு பிழைத்துக்கொண்டான்.

"இலையில இருந்து எடுத்ததுதானே டாக்டரம்மா, அது என்ன செய்யும்?" என்றார் பாட்டி. அப்பா கைப்பேசியில் எதையோ படித்துவிட்டு, "இதே பொருள் கஞ்சாவுலயும் இருக்காமே, போதை ஏறித்தான் மயங்கினானா மேடம்?" என்றார்.

அப்பாவின் சந்தேகத்துக்குப் பதில் எளிது. தைலத்தின் முக்கியப் பொருள் யூகலிப்டால். சினியோல் என்றும் சொல்வார்கள். செடிகள் உண்டாக்கும் டெர்பீன் வகை வாசனைப் பொருட்களில் ஒன்று. சில வகைக் கஞ்சாவில் புதினா போலக் குளிர்ந்த வாசம் வருவதில் இதற்கும் பங்குண்டு. ஆனால் அங்கே அது மிகச் சொற்பம். கஞ்சாவின் மணத்தில் மிர்சீன், லிமோனீன், காரியோஃபிலின் போன்றவைதான் முன்னால் நிற்கும். போதை தருவது டிஎச்சி என்ற வேறு பொருள். அது தைலத்தில் கிடையாது. பையன் மயங்கியது போதையால் அல்ல, நஞ்சால்.

பாட்டியின் கேள்விக்குத்தான் நான் வருடக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இலை வேறு, தைலம் வேறு. ஏலக்காயிலும் சித்தரத்தையிலும்கூட யூகலிப்டால் இருக்கிறது. சித்தரத்தையை உரைத்துக் கொடுத்து நாலு பிள்ளை வளர்த்தேன் என்பீர்கள். உண்மைதான், அதில் இருப்பது துளிக்கும் குறைவு. தைலத்திலோ நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் அதுவேதான். ஒரு கிலோ இலையைக் காய்ச்சி வடித்தால் பத்து, இருபது மில்லி தேறும். அப்படியானால் 5 மில்லி ஸ்பூன் என்பது கால் கிலோ, அரைக் கிலோ இலையின் சத்து. பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள பிள்ளை அதை எப்படித் தாங்கும்?

வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதற்காகவே, யூகலிப்டால், கற்பூரம் போன்றவை கலந்த ஆசனவாய் மருந்துகளை இரண்டரை வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று ஐரோப்பிய மருந்துகள் முகமை 2011-லேயே சொல்லிவிட்டது. சூடம் கலந்த தைலங்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஊட்டியில் வாங்கி வந்த குப்பியை இருமல் மருந்தின் பக்கத்தில் வைக்காதீர்கள். ராத்திரி அரைத்தூக்கத்தில் மாற்றி ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள். கைக்குழந்தையின் மூக்கில் தடவவே கூடாது. கொதிக்கும் தண்ணீரில் ஊற்றி ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம். வெந்துபோய் வரும் பிள்ளைகள் தனிக் கணக்கு.

குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தயவுசெய்து. தைலம் நுரையீரலுக்குள் போய்விடும். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. மூச்சையும் வலிப்பையும் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. 'நல்லாத்தானே விளையாடுறான்' என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். குப்பியையும் கையோடு கொண்டு வாருங்கள், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நாங்கள் பார்க்க வேண்டும்.