துப்பாக்கிக்குள் ஒரு சென்சார்: வாங்கும் முன் செக்யூரிட்டி கம்பெனிகள் யோசிக்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபாங்க் பக்கம் பல வீடுகளில் யாராவது ஒருவர் செக்யூரிட்டி வேலையில் இருக்கிறார். சிலர் சொந்தமாகக் கம்பெனியே நடத்துகிறார்கள். அவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு போகும் துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதுதான் டர்பனில் என் தொழில். கொஞ்ச காலமாக ஒரே கேள்வி வந்துகொண்டிருக்கிறது: "அங்கிள், கைப்பிடிக்குள்ள வைக்கிற வயர்லெஸ் சென்சார் வந்திருக்காமே. எத்தனை ரவுண்டு சுட்டது, எப்போ சர்வீஸ் பண்ணணும்னு அதுவே சொல்லிடுமாமே. வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். எண்ணிக்கைதான் திரையில் வருகிறதே என்று துப்பாக்கியைத் திறந்து பார்ப்பதை நிறுத்திவிட்டால், சென்சார் இல்லாத காலத்தைவிட ஆபத்து கூடிவிடும்.

தனி ஆளின் துப்பாக்கி என்றால், எத்தனை பெட்டி தோட்டா சுட்டோம் என்று அவருக்கே ஓரளவு தெரியும். கம்பெனித் துப்பாக்கிக்கு அப்படி ஓர் ஆள் கிடையாது. 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் கம்பெனியின் பெயரில் இருக்கிறது; துப்பாக்கியோ பகலில் ஒருவர் இடுப்பில், இரவில் இன்னொருவர் இடுப்பில். யார் எடுத்தார், எப்போது திருப்பினார் என்பது பதிவேட்டில் இருக்கும். அதன் பேரல் வழியாக இதுவரை எத்தனை தோட்டா போயிருக்கிறது என்று கேட்டால் பதில் வராது.

பலர் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. கார்டுகளின், அதாவது செக்யூரிட்டிக் காவலர்களின், துப்பாக்கிகள் பணியில் சுடப்படுவது அரிது; பெரும்பாலும் பயிற்சித் தளத்தில்தான் சுடுகிறார்கள். பயிற்சிக்குப் போகிற அன்று, சேஃபின் முன்வரிசையில் கைக்கு எட்டுவதை எடுத்துக்கொண்டு போவார்கள். இப்படி அதே நாலைந்து துப்பாக்கிகள் வருடக்கணக்கில் எல்லோருடைய பயிற்சியையும் சுமக்கும். பின்வரிசையில் இருப்பவை எண்ணெய் காய்ந்து கிடக்கும். ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல் பிஸ்டல்களைக் கழற்றி மேசையில் பரப்பினால், ஒன்று புத்தம் புதுசாகவும் இன்னொன்று தேய்ந்தும் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். "எல்லாத்துக்கும் வருஷத்துக்கு ஒரு சர்வீஸ்" என்ற கணக்கு இரண்டுக்குமே பொருந்தாது.

ஒரு கம்பெனியிலிருந்து இசட்88 ஒன்று வந்தது. 1977-இல் தென்னாப்பிரிக்கா மீதான ஐ.நா. ஆயுதத் தடை கட்டாயமான பிறகு, வெளியிலிருந்து வாங்க முடியாமல் இங்கேயே செய்யத் தொடங்கிய பிஸ்டல் அது; பெரெட்டா 92-இன் நகல். இந்தக் குடும்பத்துப் பிஸ்டல்களில் லாக்கிங் பிளாக் என்று ஒரு சின்ன இரும்புக் கட்டை உண்டு. தோட்டா வெடிக்கும் கணத்தில் பேரலையும், மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடையும் சேர்த்துப் பிடித்து வைப்பது அதுதான். நிறையச் சுட்டால், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் காதில் மயிரிழை விரிசல் விழும். முற்றிலும் உடைந்தால் பிஸ்டல் இறுகிப்போய் அடுத்த தோட்டாவைச் சுட முடியாது. வந்த பிஸ்டல் வெளியே பளபளவென்று இருந்தது. "இது சுடவே இல்ல அங்கிள், சும்மா செக் பண்ணுங்க" என்றார் கொண்டுவந்த தம்பி. திறந்தால் ஒரு காது பாதி வெடித்திருந்தது. விசாரித்த பிறகுதான், பயிற்சிக்கு எப்போதும் போகிற பிஸ்டல் அது என்று தெரிந்தது. அடுத்த வாரம் அதே பிஸ்டலோடு ஒரு கார்டு இரவுப் பணிக்குப் போயிருப்பார். ஒழுங்காக எண்ணும் ஒரு சென்சார் இருந்திருந்தால் வெகு நாள் முன்பே அதைத் திறந்து பார்த்திருப்பார்கள்.

சரி, சென்சார் எப்படி எண்ணுகிறது? உள்ளே இருப்பது முடுக்கமானி. போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதே வகைச் சில்லு. ஆனால் போனில் இருப்பது பெரும்பாலும் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு வரைதான் அளக்கும். துப்பாக்கியின் உதைப்பு அதை எளிதாகத் தாண்டிவிடும். நூற்றுக்கணக்கான மடங்கை அளக்கும் சில்லு வேண்டும். வேகமும் வேண்டும். பிஸ்டலின் ஸ்லைடு பின்னால் போய்த் திரும்பி வந்து மூடுவதெல்லாம் ஏறக்குறைய ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். வினாடிக்கு நூறு தடவை பதியும் கருவிக்கு அதில் நாலைந்து புள்ளிதான் அகப்படும். ஆயிரத்துக்கு மேல் பதிய வேண்டும். விற்க வருபவரிடம் முதலில் இந்த இரண்டு எண்களைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரை அனுப்பச் சொல்லுங்கள்.

இவ்வளவு வேகம் எதற்கு என்றால், நடந்தது என்ன என்று பிரித்தறிய. துப்பாக்கி கீழே விழுந்தால் ஒரே ஒரு இடி. தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால் சின்னத் தட்டு. நிஜமாகச் சுட்டால் அடுத்தடுத்து மூன்று அடி: வெடிப்பின் உதைப்பு, ஸ்லைடு பின்னால் போய் மோதுவது, திரும்பி வந்து மூடுவது. பராமரிப்புக்கான செய்தி இந்த மூன்றுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் இருக்கிறது. ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு சீக்கிரமாகவும் பலமாகவும் பின்னால் போய் மோதும். மூட வருவது தாமதமாகும். அழுக்குச் சேர்ந்தாலும் எண்ணெய் காய்ந்தாலும் மூடுவது தாமதமாகத்தான் செய்யும், ஆனால் பின்மோதல் பலமாகாது. அதனால் நல்ல மென்பொருள் "ஸ்பிரிங்கை மாற்று" என்பதையும் "சுத்தம் செய்" என்பதையும் தனித்தனியாகச் சொல்ல முடியும். வெறும் எண்ணிக்கையைவிட இது எத்தனையோ மேல்.

இதிலும் ஜாக்கிரதை வேண்டும். மணிக்கட்டைத் தளர்வாக வைத்துச் சுடுபவர் கையில் அதே பிஸ்டல் வேறு அலையைக் காட்டும். பயிற்சிக்கு வாங்கும் மலிவுத் தோட்டா ஒரு மாதிரி, பணித் தோட்டா இன்னொரு மாதிரி. ஒரு நாள் பதிவை வைத்துச் சிவப்பு விளக்கு போடும் மென்பொருள் பயனில்லை. பல பேர் பல நாள் சுட்ட பதிவில் போக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டுவதுதான் வேண்டும். பணவண்டிக்காரர்களின் எல்எம்5 போன்ற ரைபிள்களுக்கு வெப்பமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிதானமாகச் சுட்ட தோட்டாக்களைவிட, பேரல் சூடேற ஏற மளமளவென்று சுட்டவை அதன் தொண்டைப் பகுதியை, அதாவது தோட்டா உள்ளே நுழையும் முனையை, வெகு சீக்கிரம் தேய்த்துவிடும்.

பெல்ஜியத்தின் எஃப்என் ஹெர்ஸ்டால் நிறுவனம் ஸ்மார்ட்கோர் என்ற பெயரில் சுட்ட எண்ணிக்கையைப் பதியும் கருவியைச் செய்கிறது. மேன்டிஸ் போன்றவற்றின் நோக்கம் வேறு. விசையை இழுக்கும்போது கை எப்படி ஆடுகிறது என்று காட்டிச் சுடுபவரைத் திருத்துவதற்கானவை அவை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

இனி, சென்சாருக்குத் தெரியாதவை. துரு தெரியாது. நம் ஊர் ஈரக்காற்றும் கடல் உப்பும், கோடையில் இடுப்பு வியர்வையும் சேர்ந்தால், ஒரு தோட்டாகூடச் சுடாத பிஸ்டலில் துரு பிடிக்கும். திரையில் அது "பூஜ்யம் ரவுண்டு, நல்ல நிலை" என்று இருக்கும். இன்னொன்று, கைப்பிடிக்குள் சென்சார் உட்காரும் இடமே ஈரம் தங்கும் மூலையாகிவிடுகிறது. மாதம் ஒருமுறையாவது அதை எடுத்து அடியில் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும்.

மகசின், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டி, அதற்குத் தெரியாது. என்னிடம் "சிக்குது" என்று வரும் பிஸ்டல்களில் பலவற்றுக்குக் குற்றம் மகசினில்தான்: வாய் வளைந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மகசின்களுக்கு பெயிண்டில் எண் போட்டு வையுங்கள், எந்த எண் சிக்கியது என்று குறித்து வையுங்கள். இதற்குச் செலவே இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் குழப்புவது, பாகங்கள் இடம் மாறுவது. சுத்தம் செய்யும் நாளில் ஒரே மாடல் பத்துப் பிஸ்டல்கள் ஒரே மேசையில் கழற்றிக் கிடக்கும். திரும்பப் பூட்டும்போது ஒன்றின் ஸ்லைடும் பேரலும் இன்னொன்றின் பிடியில் ஏறிவிடும். சென்சார் இருப்பது பிடியில். அது எண்ணுவதும் பிடியின் கணக்கு. பேரலின் வயது வேறாகிவிட்டது அதற்குத் தெரியாது. ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு மென்பொருளில் பதியாவிட்டாலும் இதே கதிதான். ஒரு நேரத்தில் ஒரு துப்பாக்கியை மட்டும் கழற்றுவது என்று விதி வையுங்கள்.

வயர்லெஸ் என்பதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது, அதை விற்பவர்கள் பேசுவதே இல்லை. புளூடூத் சென்சார் சும்மா இருக்கும்போதும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று அறிவித்துக்கொண்டே இருக்கும்படி அமைத்திருந்தால், பக்கத்தில் போனோடு நிற்கும் எவனும் அதைக் கண்டுபிடித்துவிடலாம். கார்டின் துப்பாக்கிக்காகவே அவரைத் தாக்கும் நாட்டில், சட்டைக்குள் துப்பாக்கி இருக்கிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டு நடப்பது சரியல்ல. பணியில் இருக்கும்போது சென்சார் வாய் திறக்கக் கூடாது. ஆயுத அறைக் கவுன்டரில் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் பேச வேண்டும். எப்படியும் சேஃபுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் இரும்பு அலையைத் தடுத்துவிடும். ஒப்படைக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் பதிவு இறங்க வேண்டும். மின்வெட்டு நேரத்தில் ரூட்டர் செத்துக் கிடந்தால் பதிவு அழியாமல் சென்சாரிலேயே தங்குமா என்றும் கேளுங்கள். ரேடியோ கருவி என்பதால், இங்கே தொலைத்தொடர்பைக் கட்டுப்படுத்தும் இக்காசாவின் ஒப்புதல் உண்டா என்று பாருங்கள். உரிமம் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரை வைத்தே பொருத்துங்கள். விசையோடும் பாதுகாப்புத் தாழோடும் அதற்கு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது, தொடர் எண் மறையக் கூடாது.

கார்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். யார் எப்போது உறையிலிருந்து எடுத்தார், எத்தனை சுட்டார் என்பது அந்த ஆளின் தனிப்பட்ட தகவல். 2021 ஜூலை முதல், தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாக்கும் பொப்பியா சட்டப்படி அதைச் சேர்க்கும் கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு: எதற்காகச் சேர்க்கிறோம் என்று சொல்ல வேண்டும், அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். பராமரிப்புக்கு என்று சொல்லிப் பொருத்திவிட்டு, "நேத்து ராத்திரி மூணு தடவை துப்பாக்கிய வெளிய எடுத்தியாமே" என்று கண்காணிப்பாளர் கேட்கத் தொடங்கினால், அடுத்த வாரம் சென்சார் தானாகக் "கழன்று விழும்". கீழே போட்ட துப்பாக்கியை மறைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். பயம் இல்லாத இடத்தில்தான் "அண்ணா, இது கை தவறிக் கீழ விழுந்துச்சு, பாருங்க" என்ற வார்த்தை வரும், அந்த ஒரு வார்த்தைக்கு ஈடான சென்சார் கிடையாது.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். பயிற்சிக்குப் போகும் அந்த நாலைந்தில் முதலில் பொருத்துங்கள். தளத்தில் கொடுத்த தோட்டாக் கணக்கையும் சென்சார் எண்ணையும் சில மாதங்கள் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் காரணம் என்ன என்று விற்றவர் விளக்கும்வரை அடுத்த ஆர்டர் கொடுக்காதீர்கள்.