சிவப்புப் பாசிக்குள் ஒளிந்திருக்கும் பச்சை

பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுத்துக் கரையேறும் பெண்களிடம் ஒரு கொத்துக் கஞ்சிப்பாசி கேட்டு வாங்கி, கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கருஞ்சிவப்பாக இருந்தது கண்ணெதிரே பச்சையாகிவிடும். புதிதாக எந்தச் சாயமும் ஏறவில்லை. மேலே இருந்த சிவப்பு கலைந்ததும், உள்ளே இருந்த பச்சை தெரிகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பச்சைதான் பச்சையம். கரையில் நிற்கும் பூவரச இலையில் இருப்பதும் அதுவே. சிறுவயதில் பீப்பி செய்து ஊதிய அந்த இலையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், கண்ணாடி போன்ற மேல்தோல் தெரியும். அதற்குக் கீழே, பெட்டியில் அடுக்கிய தீக்குச்சிகளைப் போல நெட்டையான செல்கள் நெருக்கமாக நிற்கும். பச்சையம் நிறைந்த பசுங்கணிகங்கள் அதிகம் இருப்பது இவற்றில்தான், முதல் வெயில் விழுவதும் இங்கேதான். இன்னும் கீழே காற்று உலாவ இடைவெளி விட்ட செல்கள். கரியமில வாயு இலைத்துளைகள் வழியாக உள்ளே வரும். ராமநாதபுரத்து வெயிலில் சிக்கலே அந்தத் துளைகள்தான். திறந்தால் தண்ணீர் ஆவியாகப் போய்விடும், மூடினால் சமையல் நின்றுவிடும்.

சமையல் என்றேனே, ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் ஒளிச்சேர்க்கைதான் அது. அதில் முதல் வேலை தண்ணீரை உடைப்பது. பச்சையம் பிடித்த ஒளியின் ஆற்றல்தான் அதைச் செய்கிறது. அப்போது பிரியும் ஆக்சிஜனைத்தான் நாம் சுவாசிக்கிறோம். அது கரியமில வாயுவிலிருந்து வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். 1941-இல் ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகள் கனமான ஆக்சிஜன் (வழக்கமானதைவிட எடை கூடிய வகை) கலந்த தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்து, அது தண்ணீரிலிருந்தே வருகிறது என்று காட்டினார்கள். ஒளியிலிருந்து கிடைத்த மிச்ச ஆற்றலைக் கொண்டு கரியமில வாயு சர்க்கரையாகிறது.

கடற்பாசிக்கு இலைத்துளை இல்லை, நரம்பில்லை, தண்ணீர் உறிஞ்சும் வேரும் இல்லை. உடம்பு முழுக்க இலை என்றே சொல்லிவிடலாம். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் வாடும் கவலை கிடையாது. அதன் கவலை வெளிச்சம். பச்சையம் விரும்பி உண்பது நீலத்தையும் சிவப்பையும். பச்சை ஒளியைப் பெரும்பாலும் தள்ளிவிடுகிறது, இலை நமக்குப் பச்சையாகத் தெரிவதும் அதனால்தான். கடலோ சிவப்பு ஒளியை முதல் சில மீட்டருக்குள்ளேயே விழுங்கிவிடும். ஆழத்தில் மிஞ்சுவது நீலமும் பச்சையும்.

இங்கேதான் அந்தச் சிவப்பு நிறமி உதவிக்கு வருகிறது. ஃபைகோஎரித்ரின் என்பது அதன் பெயர். சுமார் 495 முதல் 570 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியை, அதாவது பச்சையம் கைவிட்ட பச்சையை, அது பிடித்து அடுத்தடுத்த நிறமிகளுக்குக் கைமாற்றி, கடைசியில் பச்சையத்திடம் சேர்க்கிறது. கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளில் இதே வேலைக்கு ஃபியூகோசாந்தின் என்ற நிறமி இருக்கிறது. 1984-இல் பஹாமாஸ் அருகே 268 மீட்டர் ஆழத்தில் உயிருள்ள பாசியைக் கண்டார்கள். அதுவும் சிவப்புப் பாசி வகைதான்.

இதை வைத்துப் பாடப்புத்தகங்கள் மேலே பச்சை, நடுவே பழுப்பு, ஆழத்தில் சிவப்பு என்று அழகாகப் படம் போடுகின்றன. எனக்கு அந்தப் படத்தில் நம்பிக்கை குறைவு. மண்டபம் பக்கம் இடுப்பளவு தண்ணீரிலேயே சிவப்புப் பாசி வளர்கிறது, மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸும் சிவப்புப் பாசி இனமே. அதில் பச்சையாகத் தெரியும் ரகங்களும் உண்டு என்பது வேறு கதை. எங்கே வளரும் என்பதை நிறம் மட்டும் முடிவு செய்வதில்லை. அலை, மேய வரும் மீன், ஒட்டிக்கொள்ளப் பாறை, இவையெல்லாம் கணக்கில் வரும்.

ஃபைகோஎரித்ரின் புரதத்தோடு பிணைந்தது. சூடு பட்டால் முட்டையின் வெள்ளைக்கரு போல உருக்குலைந்து நிறமிழக்கும். பச்சையம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால்தான் வெந்நீரில் அந்த மாற்றம். மணலில் பரப்பிக் காயவைக்கும் பாசியோ நாட்கள் போகப்போக வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடுகிறது. செத்த செல்லில் பச்சையம் பிடிக்கும் ஒளியை வாங்கிச் சமைக்க ஆளில்லை. போக்கிடம் இல்லாத அந்த ஆற்றல் பச்சையத்தையே அரித்துவிடுகிறது.