கன்னாபிடையால்: ஒரு துணைமருந்தின் பெயர்

போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அமெரிக்காவில் கஞ்சா கொடுத்து மனநோயைக் குணப்படுத்துகிறார்கள் என்று ஒருவர் தமிழில் எழுதினால், அந்த ஒரு வரிக்குள் எத்தனை பிழைகள்! கொடுக்கப்படுவது கஞ்சா அன்று; அந்தச் செடியிலிருந்து கிடைக்கும் கன்னாபிடையால் என்ற சேர்மம், அதுவும் பேச்சுச் சிகிச்சைக்குத் துணையாக, சோதனை அளவில். மனநோய் என்ற பொதுச்சொல் அந்த வீரர்களின் துன்பத்துக்குப் பொருந்தவில்லை. குணப்படுத்துகிறது என்றும் இன்னும் யாரும் நிறுவவில்லை. சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் செய்தியே புரியும்.

மருந்தின் பெயரிலிருந்து தொடங்குவோம். கன்னாபிஸ் என்பது கிரேக்கச் சொல். சிதியர்கள் என்ற பழங்கால நாடோடி மக்கள் அந்தச் செடியின் விதைகளைச் சுடுகற்களின் மேல் போட்டு, எழும் ஆவியில் மகிழ்ந்து ஆரவாரித்ததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு எழுதியிருக்கிறார். ஓவியர்கள் வரையும் கேன்வாஸ் துணியின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். முற்காலத்தில் அந்தச் செடியின் நாரில் நெய்த துணி அது. பெயரின் பின்பாதியான 'டையால்' நம் பள்ளி வேதியியல் பாடத்தில் உள்ளது. எத்தனால், மெத்தனால் என்ற பெயர்களின் இறுதியில் வரும் 'ஆல்', ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதியைக் குறிக்கும். 'டை' என்றால் இரண்டு. ஆகவே கன்னாபிடையால் என்பது, கஞ்சாச் செடியில் கிடைக்கும், இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட சேர்மம்.

இந்த 'டை'யை நான் விடாப்பிடியாக வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. போதை தருவது டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்ற வேறொரு சேர்மம். வியப்பு என்னவென்றால், இரண்டிலும் இருப்பவை ஒரே அணுக்கள்: 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். போதைச் சேர்மத்தில் ஓர் ஆக்சிஜன் வளையத்துக்குள் பூட்டப்பட்டுவிடுகிறது. அதனால் அதில் எஞ்சுவது ஒரே ஒரு ஹைட்ராக்சில். கன்னாபிடையாலில் இரண்டும் திறந்தே இருக்கின்றன. மயக்குவதையும் மயக்காததையும் பிரிக்கும் கோடு பெயருக்குள்ளேயே இருக்கிறது. 1940-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸ் இதைப் பிரித்தெடுத்தார். 1963-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெசூலம் குழுவினர் இதன் அமைப்பைத் தெளிவுபடுத்தினார்கள். 'கன்னாபிடியால்' என்று எழுதும்போது அந்த இரண்டு காணாமல் போகிறது. 'கஞ்சா எண்ணெய்' என்பது அதைவிடத் தவறு. வடமொழி வழியாக நமக்கு வந்த கஞ்சா என்ற சொல், 1985-ஆம் ஆண்டின் இந்தியப் போதைப்பொருள் சட்டத்தின்படி, செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனியைக் குறிக்கிறது. தனிச் சேர்மத்தை அன்று. சணல் என்று எழுதுவோரும் உண்டு. நம் கடைகளில் சணல் என்றால் கோணிச்சாக்கு நூல். வேதிப்பெயர்களை ஒலிபெயர்த்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். முதல் முறை வரும்போது 'கஞ்சாச் செடியின் போதை தராத சேர்மம்' என்று ஒரு சொற்றொடர் சேர்த்தால் போதும்.

இனி நோயின் பெயர். போர் போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் மனத்தில் தங்கிவிடும் துன்பம் அது. முதல் உலகப் போரில் இதைக் குண்டதிர்ச்சி என்ற பொருளில் அழைத்தார்கள்; பிரித்தானிய உளவியலாளர் சார்லஸ் மையர்ஸ் 1915-இல் லான்செட் மருத்துவ இதழில் அந்தப் பெயரோடு எழுதினார். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இன்றைய நீண்ட பெயர் ஏறியது. தமிழ்நாட்டு இதழ்கள் அதைப் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்கின்றன. பிழையில்லை, ஆனால் மூச்சு வாங்குகிறது. ஆங்கில மூலத்தில் உள்ள 'ட்ராமா' கிரேக்கத்தில் புண்ணைக் குறிக்கும் சொல். அந்தப் புண் இதில் இல்லை.

போரை வீட்டு வாசலில் கண்ட ஈழத்தின் உளமருத்துவ எழுத்துகள் 'மனவடு' என்ற சொல்லைத் தந்தன. என் மனம் இதையே ஏற்கிறது. தீயினால் சுட்டது புண், அது உள்ளே ஆறும். நாவினால் சுட்டது வடு, அது ஆறாது என்று பிரித்துக் காட்டியது குறள். கண்ணுக்குத் தெரியும் காயம் ஆறிய பின்னும் உள்ளே நின்றுவிடுவதற்கு வடு என்பதே சரியான பெயர். போர்க்களத்து முகப்புண்ணையும் மார்புப்புண்ணையும் விழுப்புண் என்று பெருமையோடு சொன்ன மொழி இது. அமெரிக்காவிலோ, களத்தில் காயம்பட்டவர்களுக்குத் தரும் ஊதா இதயப் பதக்கத்தை மனவடுவுக்குத் தருவதில்லை என்று 2009-இல் பென்டகன் அறிவித்தது. அந்த முடிவு எனக்கு வருத்தம் தருகிறது. ஒருவரது காயத்துக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, அவர் உதவி கேட்பதும் கேட்காமலே இருந்துவிடுவதும் மாறும். 'கோளாறு' என்ற சொல்லை விட்டுக் 'காயம்' என்று எழுதுங்கள் என, படைத்தளபதியாக இருந்த பீட்டர் கியாரெல்லி வாதாடியதும் இதனால்தான்.

அடுத்து, மருந்து துணைசெய்யும் சிகிச்சையின் பெயர். பேச்சுச் சிகிச்சை என்பது மனம்விட்டுப் பேசி ஆறுதல் பெறுவதாக ஒலிக்கிறது. இங்கே நடப்பது கடினமான வேலை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் எட்னா ஃபோவா உருவாக்கிய முறையில், வீரர் கண்களை மூடி, மிக மோசமான அந்த நிகழ்வை இப்போது நடப்பதுபோல் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. இதை 'நீடித்த எதிர்கொள்ளல்' எனலாம். பாதியில் விட்டுவிடுவோர் பலர். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

மருந்து இங்கேதான் நுழைகிறது. அஞ்சியதை எதிர்கொண்டும் தீங்கு நேராதபோது அச்சம் மெல்லக் குறையும். ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் காலத்திலிருந்து இதற்கு வழங்கும் 'எக்ஸ்டிங்ஷன்' என்ற ஆங்கிலச் சொல்லை 'அழிவு' என்று பெயர்த்தால் தவறாகிவிடும். பழைய நினைவு அழிவதில்லை; அதன் மேல் 'இப்போது ஆபத்தில்லை' என்ற புதிய பாடம் படிகிறது. நெருப்பு தணிந்தாலும் கங்கு இருக்கும். ஆகவே 'அச்சத் தணிவு'. 2013-இல் வெளியான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வொன்றில், நலமாக இருந்த 48 பேரிடம், தணிவுப் பயிற்சிக்குப் பின் நுகர்ந்த 32 மில்லிகிராம் கன்னாபிடையால் அந்தப் பாடத்தை வலுப்படுத்தியதாகத் தெரிந்தது. அந்தத் தடத்தில்தான் சான் டியாகோவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், 136 பேரைக் கொண்டு, நீடித்த எதிர்கொள்ளலோடு இந்த மருந்தைச் சேர்த்துச் சோதிக்கும் ஆய்வு திட்டமிடப்பட்டது. இன்னொரு பக்கம், அமெரிக்கப் படைத்துறையும் முன்னாள் படைவீரர் துறையும் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மனவடுவுக்குக் கஞ்சாவையோ அதிலிருந்து எடுத்தவற்றையோ பயன்படுத்த வேண்டாம் என்கிறது. கன்னாபிடையாலால் கல்லீரல் பாதிப்பும் பிற மருந்துகளோடு மோதலும் நேரக்கூடும். கடையில் விற்கும் குப்பியை வாங்கித் தாமே குடிப்பது சிகிச்சை ஆகாது.

இந்தச் சேர்க்கையில் கன்னாபிடையாலின் இடத்தைச் சொல்ல நம் சித்த மருத்துவத்திலேயே ஒரு சொல் இருக்கிறது: அனுபானம், அதாவது துணைமருந்து. சூரணத்தைத் தேனில் குழைத்துத் தருவார்கள். நோயைத் தீர்க்க வேண்டியது சூரணம், அதற்கு வழி செய்வது தேன். அந்த ஆய்வின் எண்ணப்படி, சூரணம் வீரர் தம் வாயால் சொல்லும் கதை.