குட்வுட் போகிறவர் முதலில் வாங்க வேண்டியது

பழைய பார்முலா 1 கார் ஒன்றைக் கிளப்புவதற்கு முன், மெக்கானிக்குகள் அதன் இயந்திரத்துக்குள் வெந்நீர் பாய்ச்சுவார்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே அத்தனை நெருக்கமாக இடைவெளி வைத்துச் செதுக்கிய இயந்திரம் அது. குளிர்ந்திருக்கும்போது சுழற்றினால் உராய்ந்து கெட்டுவிடும். உலோகம் சூடேறி, விரிய வேண்டிய அளவுக்கு விரிந்த பிறகுதான் தொடவே வேண்டும். இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில், சிசெஸ்டர் நகரை அடுத்த குட்வுட் எஸ்டேட்டில், பந்தயக் கார்கள் மேட்டுப்பாதையில் ஏறிக்காட்டும் வேகத் திருவிழாவில் இந்தக் காட்சியைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம். கார்கள் நிற்கும் கொட்டகைகளுக்குள் பார்வையாளர்களை விடுவது 1993இல் தொடங்கிய அந்த விழாவின் பெரிய அழகு. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. வெந்நீர்க் குழாயைக் கழற்றுகிறார்கள் என்றால் அடுத்த சில நிமிடங்களில் இயந்திரம் அலறப்போகிறது என்று பொருள். மெக்கானிக்குகளின் காதுகளைப் பாருங்கள், எல்லோரும் மூடியிருப்பார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் திறந்த காதோடு கைப்பேசியை நீட்டிக்கொண்டிருப்பார்கள்.

முதன்முறை போகிறவர்கள் செருப்பு, குடை, கார் நிறுத்துமிடம் என்று நிறையக் கவலைப்படுகிறார்கள். பழகிய ஷூ, தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு, வெயிலுக்குக் களிம்பு இருந்தால் போதும். மேகம் மூடியிருந்தாலும் புறஊதாக் கதிர் கணிசமாக ஊடுருவும் என்பதால் களிம்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். இவற்றில் எதை மறந்தாலும் வரும் துன்பம் ஓரிரு நாளில் ஆறிவிடும். காது அப்படியில்லை.

பார்முலா 1 கார்களில் முன்பு இருந்த, பத்து சிலிண்டர் கொண்ட வி10 இயந்திரம் ஏன் காதைத் துளைக்கிறது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நான்கு வீச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை வெடிக்கும். பத்து சிலிண்டர் என்றால் ஒரு சுழற்சிக்கு 5 வெடிப்பு. நிமிடத்துக்கு 18,000 சுழற்சியில், அதாவது நொடிக்கு 300 சுழற்சியில், நொடிக்கு 1,500 வெடிப்பு. எனவே அடிப்படை ஒலி 1,500 ஹெர்ட்ஸ். அதோடு சேர்ந்தெழும் இரு மடங்கு ஒலி 3,000 ஹெர்ட்ஸில் விழுகிறது.

இப்போது உங்கள் காதைப் பாருங்கள். செவித்துளையிலிருந்து செவிப்பறை வரை ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய் அது. புல்லாங்குழலைப் போல அதற்கும் இயற்கையான சுருதி ஒன்று உண்டு. அது சுமார் 3,000 ஹெர்ட்ஸ்! நம் காது தானாகவே பெருக்கிக் கேட்கும் அதே இடத்தில் அந்த இயந்திரம் கத்துகிறது.

1911இல் உருவான ஃபியட் எஸ்76 காரும் இதே குட்வுட் மேட்டில் ஏறியிருக்கிறது. நான்கே சிலிண்டர், மொத்தம் 28.4 லிட்டர் கொள்ளளவு. நிமிடத்துக்கு 1,000 சுழற்சியில் நொடிக்கு 33 வெடிப்புதான் என்பதால், ஒலியோடு சேர்ந்து நெஞ்சுக்கூடும் அதிரும். உரத்த ஒலி கேட்டதும் நடுக்காதின் சிறு தசை ஒன்று சுருங்கி எலும்புச் சங்கிலியை இறுக்குகிறது. இந்தத் தற்காப்பு தாழ்ந்த சுருதிகளுக்கு எதிராக ஓரளவு உதவும், உயர்ந்த சுருதிக்கு எதிராகப் பெரிதும் உதவாது. ஃபியட்டிடம் நமக்குச் சிறு கேடயமாவது இருக்கிறது. வி10இடம் அதுவும் இல்லை.

மின்சாரக் கார் என்றால் அமைதி என்றும் நம்பிவிட வேண்டாம். 1.86 கிலோமீட்டர் மேட்டுப்பாதையை 2022இல் 39.08 நொடியில் ஏறிச் சாதனை படைத்த மெக்மர்ட்ரி ஸ்பெர்லிங் முழுக்க மின்சாரக் கார்தான். ஆனால் அது தன் அடியிலுள்ள காற்றை விசிறிகளால் உறிஞ்சித் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த விசிறிகளின் ஓசை வீரிடும்.

அமெரிக்காவின் தொழிலிட உடல்நல ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு, 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம், 115க்கு அரை நிமிடம்கூட இல்லை. அருகில் அலறும் பந்தய இயந்திரம் இதை எளிதில் தாண்டிவிடும்.

உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்லியாவுக்குள் ஒலியை மின்குறிப்பாக மாற்றும் மயிரணுக்கள் சுமார் 15,000 இருக்கின்றன. இறந்தவை மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. இரவு முழுக்கக் காதில் வண்டு இரைவது போல இருந்து காலையில் அடங்கிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கிறோம். ஷரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2009இல் பேரிரைச்சலுக்கு உட்படுத்திய எலிகளில் கண்டது அந்த நம்பிக்கையைக் குலைத்தது. கேட்கும் திறன் சோதனையில் இயல்பு நிலைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் மயிரணுவையும் நரம்பையும் இணைக்கும் முனைகள் பெருமளவில் நிரந்தரமாக அழிந்திருந்தன.

எனவே முதலில் வாங்க வேண்டியது மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் நுரைக் காதடைப்பான். குழந்தைகளுக்கு அவர்கள் அளவில் செய்த, தலைக்கு மேல் மாட்டும் காதுக்கவசமே ஏற்றது. அடைப்பானை விரல்நுனியால் மெல்லச் செருகி வைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். அது வெறும் அலங்காரம். கழுவிய கையால் அதைச் சுருக்கமில்லாத மெல்லிய திரியாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த குழாய் நேராகும். உடனே திரியைச் செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு இரு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்தித் திறந்து பாருங்கள். பொத்தும்போது சுற்றியுள்ள இரைச்சல் வெகுவாகக் குறைந்தால் அடைப்பான் சரியாக உட்காரவில்லை. எடுத்து, மறுபடி உருட்டுங்கள். வெந்நீர் ஓடி முடிய இன்னும் நேரம் இருக்கிறது.