புள்ளியை அழிக்கும் முன் அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

கடையின் வலைத்தளத்துக்கு எடுத்த படத்தில் சாம்பல் நிறப் புள்ளி தெரிகிறதா? அழிக்கும் முன் அதே நாளில் எடுத்த மற்றப் படங்களையும் புரட்டுங்கள். எல்லாவற்றிலும் அதே இடத்தில் இருந்தால் அது கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரில் ஒட்டிய தூசி. லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப்/16, எஃப்/22 வைத்து எடுத்தால் பளிச்சென்று தெரியும், துளை பெரிதான எஃப்/2.8-இல் மங்கிப்போகும். லென்ஸைத் துடைத்துப் பயனில்லை. கேமராவின் சென்சார் கிளீனிங் மெனுவைப் போட்டு, லென்ஸைக் கழற்றிய கேமரா வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதவே கூடாது. எச்சில் தெறித்தால் தூசியே தேவலாம் என்றாகிவிடும்.

எடுத்து முடித்த படங்களுக்கு இலவச மென்பொருளான ஜிம்ப் போதும். லேயரை (படத்தின் அடுக்கை) டூப்ளிகேட் செய்து, 100 சதவீத அளவில் வைத்து, ஹீல் கருவியை எடுங்கள். பிரஷ் புள்ளியைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பக்கத்திலுள்ள சுத்தமான இடத்தில் ஒரு கிளிக், பிறகு புள்ளிமேல் ஒரு கிளிக். இழுத்துத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மழுங்கித் தெரியும்.

சிக்கல் வருவது ஓரங்களில்தான். வெள்ளைப் பின்னணியில் மெரூன் பட்டுப்புடவை. ஜரிகைக் கரையை ஒட்டி ஒரு புள்ளி. ஹீல் கருவி சுற்றியுள்ள நிறத்தோடு ஒட்டவைக்கப் பார்க்கும். பிரஷுக்குள் மெரூனும் அகப்பட்டால் அது வெள்ளைக்குள் கசிந்து, மை தீற்றியதுபோல் ஆகிவிடும். அங்கே, எடுத்த மாதிரியை அப்படியே நகலெடுக்கும் குளோன் கருவிக்கு மாறுங்கள். கெட்டி விளிம்புள்ள சிறிய பிரஷ், மாதிரி அதே கரையின் இன்னோர் இடத்திலிருந்து. ஒரே இடத்திலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தால் நெசவில் இல்லாத டிசைன் முளைத்துவிடும்.

மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி அச்சாகியிருந்தால் வெட்டிவிடுவதே உத்தமம்.

புடவையிலேயே நூல் இழுத்திருந்தால் கைவைக்காதீர்கள். பொருளின் உண்மைத் தன்மைக்கு ஏற்பவே விளம்பரம் இருக்க வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். பிறர் படத்திலுள்ள வாட்டர்மார்க்கோ வேறு கதை: உரிமையாளரை அடையாளம் காட்டும் தகவலை அனுமதியின்றித் தெரிந்தே நீக்கினால், 2012 திருத்தத்தில் வந்த பதிப்புரிமைச் சட்டப் பிரிவு 65பி-யின்படி 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. விலைகொடுத்து உரிமம் வாங்கினால் வாட்டர்மார்க் இல்லாத கோப்பே கிடைக்கும்.

புள்ளி நீக்கம் முதலில். பிறகு நிறம், அளவுக் குறைப்பு, கடைசியாக விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பன். முதலிலேயே ஷார்ப்பன் செய்தால் ஒட்டுப்போட்ட தடம் எடுப்பாகத் தெரியும். வேலைக் கோப்பை ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக்கைத் திரும்பத் திரும்பச் சேமித்தால் கட்டம் கட்டமாகப் பிசிறடிக்கும். தளத்துக்கு 1600 பிக்சல் அகலம், ஜேபெக் தரம் 80, எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பு போதும். வீட்டில் எடுத்த சொந்தப் படமென்றால் கோப்பில் பதிந்துள்ள ஜிபிஎஸ் இருப்பிடத்தையும் நீக்குங்கள்.

ஏற்றுமதிக்கு முன், வெளிச்சத்தை மாற்றும் லெவல்ஸில் நடு முக்கோணத்தை வலப்பக்கம் நன்றாக இழுங்கள். வெள்ளையில் விட்டுப்போன புள்ளியும் திட்டும் அப்போது வெளியே வரும். பார்த்துவிட்டு, கேன்சல் கொடுத்து மீதியைச் சரிசெய்யுங்கள்.