லைசென்ஸ் இருந்தும் கிராக் எதற்கு?

செமஸ்டர் பிராக்டிகல் நடக்கும் வாரத்தில் காலை ஒன்பதரைக்கே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "சார், மேட்லாப் ஓப்பன் ஆகல." மேட்லாப் என்பது பொறியியல் கணக்குகளுக்காகக் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள். என்ன எர்ரர் என்று கேட்டால், "ஏதோ ரெட் கலர்ல வருது சார்." அந்தச் சிவப்பு எழுத்துகளுக்கு நடுவே ஓர் எண் இருக்கும். அதைப் படித்துச் சொன்னால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும். யாரும் படிப்பதில்லை.

ஒரு பொறியியல் கல்லூரியில் பதினான்கு வருடமாக லேப் கம்ப்யூட்டர்களையும் சர்வர்களையும் பார்த்துக்கொள்கிறவன் நான். மாணவர்களின் லேப்டாப்பில் கிராக் செய்த, அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த, கணித மென்பொருளைப் பார்க்காத நாளில்லை. காசில்லாமல்தானே செய்கிறார்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் கல்லூரி லட்சக்கணக்கில் கொடுத்து முறையாக வாங்கி வைத்திருந்தது. அப்படியும் கிராக் உள்ள பென்டிரைவ் சுற்றியது. ஏன் என்று தோண்டப் போனால், தப்பு பெரும்பாலும் சர்வர் அறையில், என் பக்கம்தான் இருந்தது.

நெட்வொர்க் லைசென்ஸ் என்பது கல்யாணப் பந்தி மாதிரி. அறுபது கம்ப்யூட்டரில் நிறுவியிருக்கலாம். வாங்கியது 25 என்றால் ஒரே நேரத்தில் 25 பேர்தான் உட்கார முடியும். அடுத்து வருகிறவருக்கு மைனஸ் 4 என்று எர்ரர் வரும். யாராவது எழுந்தால்தான் அவருக்கு இலை. சாப்பிட்டு முடித்தவர்கள் இலையை மடிக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் இங்கே சிக்கல். டூல்பாக்ஸ் எனப்படும் கூடுதல் தொகுப்பு ஒன்றை ஒரே ஒரு முறை தொட்டால் போதும், மேட்லாபை மூடும்வரை அதன் லைசென்ஸ் அந்த ஆளின் பெயரிலேயே நிற்கும். ஒரு நாள் லேப் கதவைத் திறக்கும் முன்பே 25 சீட்டும் போயிருந்தது. யார் யாரிடம் சீட் இருக்கிறது என்று காட்டும் எல்.எம்.ஸ்டாட் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். முந்தைய நாள் மாலை பேட்ச் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறது. நான்கு சீட் ஓர் ஆய்வு மாணவர் பெயரில். நான்கு கம்ப்யூட்டரில் நான்கு சிமுலேஷன்.

இதற்குக் கூடுதல் லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை. ஆப்ஷன்ஸ் ஃபைல் என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் உண்டு. தேர்வு லேபுக்கு இத்தனை சீட் ஒதுக்கு, ஒருவருக்கு இத்தனைக்கு மேல் தராதே என்று அதில் எழுதி வைக்கலாம். இரவு பத்து மணிக்கு லேப் கம்ப்யூட்டர்கள் தாமாக அணையவும் ஏற்பாடு செய்தேன். அந்த ஃபைல் இருப்பதே தெரியாமல் கொட்டேஷன் கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மைனஸ் 15 வந்தால் சர்வரையே எட்ட முடியவில்லை என்று அர்த்தம். எங்களுக்கு இது கரண்ட் போய் வந்த மறுநாள்தான் வரும். காரணம் பிடிபட ஒரு வருடம் ஆனது. சர்வரில் சீட்டுகளைப் பங்கிடும் லைசென்ஸ் மேனேஜர் பொதுவாக 27000 என்ற போர்ட்டில், அதாவது நெட்வொர்க் வாசலில், உட்காரும். ஆனால் அதற்குக் கீழே, மேட்லாப் நிறுவனத்துக்கென்று தனியாக டீமன் என்ற இன்னொரு பின்னணி புரோகிராம் ஓடுகிறது. நாம் எண் கொடுக்காவிட்டால், ஒவ்வொரு முறை சர்வர் எழும்போதும் அது தன் இஷ்டத்துக்கு ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். நெட்வொர்க்கைக் காவல் காக்கும் ஃபயர்வாலில் பழைய எண்தான் திறந்திருக்கும். லைசென்ஸ் ஃபைலில் டீமன் வரியின் கடைசியில் ஒரு நிலையான போர்ட் எண்ணை எழுதி, இரண்டையும் ஃபயர்வாலில் திறந்துவிட்டால் தீர்ந்தது. ஒரே ஒரு வரி.

தனிக் கம்ப்யூட்டருக்கு வாங்கிய லைசென்ஸ், 'இன்னும் தொடக்கத் தேதியே வரவில்லை' என்று அடம் பிடித்தால், மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைப் பாருங்கள். அது செத்துக் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும்.

எங்களை உண்மையில் கவிழ்த்தது மைனஸ் 9, லைசென்ஸ் இந்தக் கம்ப்யூட்டருக்கு உரியதல்ல என்ற எர்ரர். லைசென்ஸ் ஃபைல் சர்வரின் நெட்வொர்க் கார்டில் உள்ள மேக் அட்ரஸ் என்ற அடையாள எண்ணோடு கட்டப்பட்டது. ஒரு இடி மின்னலில் போர்டு எரிந்தது, புது போர்டு போட்டோம், அட்ரஸ் மாறிவிட்டது. பழைய அட்ரஸை மென்பொருள் வழியாகப் போலியாகக் கொடுத்துவிடு என்று ஆலோசனை சொல்ல ஆள் இருந்தது. அது விதி மீறல். நிறுவனத்தின் தளத்தில் லைசென்ஸ் நிர்வாகி நுழைந்து புதிய அட்ரஸைக் கொடுத்தால் புது ஃபைல் சில நிமிடத்தில் கிடைக்கும். ஆனால் நிர்வாகி கணக்கு ஒரு பேராசிரியரின் சொந்த மெயிலில் இருந்தது. அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம். அவரைத் தேடிப் பிடித்து, கடிதம் வாங்கி, கணக்கை மாற்ற ஒன்பது நாள் ஆனது. இன்று அந்தக் கணக்கு பதவியின் பெயரிலுள்ள கல்லூரி மெயிலில் இருக்கிறது. யார் வந்தாலும் போனாலும் மெயில் போகாது.

அந்த ஒன்பது நாளில்தான் கிராக் பென்டிரைவ் வந்தது. கூடவே இருந்த குறிப்பில் முதல் வரி, 'ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்.' வீட்டுக்குள் வருகிறவன் நாயைக் கட்டிப்போடச் சொன்னால் நாம் யோசிப்போம். இங்கே யாரும் யோசிக்கவில்லை. ஓர் ஆய்வு மாணவியின் லேப்டாப்பில் கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டு, பணம் கேட்டுத் திரையில் செய்தி வந்தது. வழிகாட்டிக்கு அவ்வப்போது மெயிலில் அனுப்பியிருந்த அளவீடுகள் மட்டும் பிழைத்தன.

சட்டத்தையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி: திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ இல்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 வரை அபராதத்தோடு விடலாம். மாணவன் தப்பிக்கலாம். கன்சல்டன்சி செய்யும் துறைக்கு அந்தச் சலுகை கேட்க வாயில்லை.

கன்சல்டன்சி என்றதும் ஞாபகம் வருகிறது. கல்வி லைசென்ஸ் பாடத்துக்கும் கல்வி சார்ந்த ஆராய்ச்சிக்கும்தான். வெளி கம்பெனிக்குக் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலையை அதில் ஓட்டக்கூடாது. இதைச் சொன்னதற்கு ஒரு எச்.ஓ.டி. என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. இலவசமாக டவுன்லோட் ஆவதெல்லாம் எல்லோருக்கும் இலவசம் என்பதும் இல்லை. பைத்தான் என்ற நிரல் மொழியோடு பலரும் போட்டுக்கொள்ளும் அனகோண்டா தொகுப்பின் விதிகள் 2020இல் மாறின. 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் வணிகத்துக்குப் பயன்படுத்தினால் பணம் கட்ட வேண்டும். பைத்தானும் அதன் கணித நூலகமான நம்பையும் என்றும்போல இலவசம்தான். காசு அவர்களுடைய தொகுப்புக் களஞ்சியத்துக்கு.

முதலாம் ஆண்டு மேட்ரிக்ஸ் கணக்குக்கு மேட்லாப் மாதிரியே இயங்கும் இலவச மென்பொருளான ஆக்டேவ் தாராளமாகப் போதும். ஜான் ஈட்டன் 1992இல் முழுநேரமாக எழுதத் தொடங்கியது. வேதிப் பொறியியல் மாணவர்களுக்காகப் பிறந்தது. சங்கீதத்துக்கும் அதன் பெயருக்கும் சம்பந்தமில்லை, அவருடைய பேராசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயர். ஆம், நம் கெமிக்கல் பசங்க ரியாக்ஷன் இன்ஜினியரிங்கில் படிக்கும் அதே லெவன்ஸ்பீல். மேட்லாபின் துணை மென்பொருளான சிமுலிங்க் மாதிரி பிளாக் வரைந்து ஓட்ட ஆக்டேவில் வழியில்லை. அதற்கு சைலாப் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் உள்ள எக்ஸ்காஸ் ஓரளவு கைகொடுக்கும். பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியலில் சைலாபுக்குத் தமிழ் வீடியோக்கள் கிடைக்கின்றன. சிமுலிங்கில்தான் பிராஜெக்ட் என்றால் சுற்றி வளைக்காமல் லைசென்ஸ் உள்ள லேபுக்கு வாருங்கள்.

போன மாதம் அக்கா மகன் லேப்டாப்போடு வந்தான். வேறொரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. "மாமா, மேட்லாப் கிராக் இருக்கா?" உன் காலேஜ் மெயில் ஐடியைச் சொல் என்றேன். முதல் வருடம் கொடுத்ததாம், ஒருமுறைகூடத் திறக்கவில்லையாம். அதைக் கொண்டு நிறுவனத்தின் தளத்தில் நுழைந்தோம். கல்லூரி முழுவதற்கும், மாணவர்களின் சொந்த லேப்டாப்புக்கும் சேர்த்தே லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். மறந்துபோன பாஸ்வேர்டை மீட்கத்தான் முக்கால் மணி நேரம் ஆனது.